மலை வழியாகத் திங்கட்கிழமைப் பெரட்டுக்கு

பூமிசாஸ்திர ஆசிரியையின் தொழில், தான் ஒருநாளும் ஏறியிராத மலைகளின் உயரத்தைப் பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விப்பது. அட்டன் நகரத்துப் பெண்கள் பள்ளியொன்றில் நானும் ஆறு ஆண்டுகள் அதை ஒழுங்காகச் செய்தேன். ஏழாம் ஆண்டு, ஐம்பதுகளின் நடுப்பகுதியில், மூத்த வகுப்பு மாணவி கமலா சன்னலுக்கு வெளியே தெரிந்த மலைத்தொடரைக் காட்டி, "அதுக்கு அந்தப் பக்கம் என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்டாள். "இறம்பொடை" என்றேன். "நீங்க அந்த மலை வழியாப் போயிருக்கீங்களா?" என்றாள். "பேருந்தில் போயிருக்கிறேன்" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே போதுமானதாக இல்லை.

அதன் விளைவுதான் இங்கே நான் விவரிக்கும் மலைநடை. சனிக்கிழமை காலை பேருந்தில் இறம்பொடைக்குச் சென்று, அங்கிருந்து மலையேறி, உச்சிக் காட்டில் ஓர் இரவு தங்கி, ஞாயிறு மாலை கொட்டகலைப் பக்கம் இறங்குவது எங்கள் திட்டம். ஏழு மாணவிகள், இரண்டு ஆசிரியைகள், வழிகாட்டியாக ஒரு பெண்மணி. ஆண் துணை கிடையாது. மாணவிகளை எங்கேனும் அழைத்துச் சென்று, வீடு திரும்பும் வரை தலைகளை எண்ணிக்கொண்டே இருந்த ஆசிரியர்கள் யாரேனும் இதைப் படித்தால், பாதி உங்களுக்கு நான் சொல்லாமலே விளங்கிவிடும். மீதிப் பாதியை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மதிப்பெண்

பெற்றோரின் கையொப்பம் இல்லாமல் ஒருத்தியையும் அனுப்ப முடியாது என்று தலைமை ஆசிரியை கூறிவிட்டார். ஆறு கையொப்பங்கள் மூன்று நாளில் வந்து சேர்ந்தன. ஏழாவது, கமலாவின் தந்தையுடையது. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். குடையும் கையுமாகப் பள்ளிக்கே வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் அமர்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அங்க கடை கண்ணி இருக்குங்களா?" இல்லை என்றேன். "ரோடு?" அதுவும் இல்லை என்றேன். "கோயில்?" அதற்கும் அதே பதில். "அப்ப என்னத்துக்கும்மா போறீங்க?" என்றார், உண்மையிலேயே அறிய விரும்பியவராக. சென்ற தவணைப் பரீட்சையில் அந்த மலையின் உயரத்தை அவருடைய மகள் பிழையாக எழுதி ஒரு மதிப்பெண் இழந்ததையும், இம்முறை அவளே அங்கு சென்று அளந்து பார்க்கப் போவதையும் எடுத்துச் சொன்னேன். அவர் கையொப்பமிட்டார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டவர், "ஒரு மார்க்குக்கு ஒரு மலைய ஏறச் சொல்றீங்க. பாத்து ரெண்டு மார்க்காப் போட்டுக் குடுங்கம்மா" என்றார்.

கங்காணியின் நிபந்தனை

வழி தெரிந்த ஒருவர் எங்களுக்குத் தேவைப்பட்டார். வகுப்பில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்து படித்த ஒரே மாணவி இராஜேஸ்வரி. அவளுடைய சித்தி சிவகாமி, கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். வயது முப்பது இருக்கலாம். சிறு பிராயத்தில், இறம்பொடைப் பக்கம் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு மலை மேல் குறுக்குப் பாதையில் பலமுறை நடந்தவர். "கண்ணக் கட்டி விட்டாலும் போவேங்க" என்று அவர் சொன்னபோது நான் நம்பினேன்.

ஆனால் அந்த ஆண்டு அத்தோட்டத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குத் தொழிலாளர் எல்லோரும் வரிசையில் நிற்கப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டில் ஒருவர் இல்லாமற்போனால் அதையே காரணம் காட்டிப் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் லயத்தில் குடியிருக்கும் அறையான காம்பிராவும் போகும். கணவரை இழந்த சிவகாமிக்கு இருந்தது ஒரே காம்பிரா. அதில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தார்கள். இதையெல்லாம் அறிந்தபின் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ராஜிக்கு நீங்க பள்ளிக்கூடத்துல எடம் குடுத்தீங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வழிதாங்க" என்றார்.

நான் பெரட்டில் பெயர் கூப்பிடும் கங்காணியிடம் நேரில் சென்று சனிக்கிழமை ஒருநாள் விடுப்புக் கேட்டேன். காதில் கடுக்கனும் மேலே கோட்டுமாக இருந்த பெரியவர். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். பிறகு சொன்னார்: "சனிக்கெழம போகட்டுங்க டீச்சரம்மா, நான் பாத்துக்கறேன். ஆனா திங்கக்கெழமப் பெரட்டுல நான் பேரு கூப்புடறப்ப ஆளு நிக்கணும். நிக்கலைன்னா பேர வெட்டறது நான் இல்லைங்க, என் பென்சிலு."

பத்துப் பொருள்கள்

எங்கள் தையல் ஆசிரியை பிலோமினாதான் என்னோடு வந்த மற்றோர் ஆசிரியை. பழைய கூடாரத் துணியை வெட்டி, தோளில் மாட்டும் பைகள் ஒன்பது தைத்திருந்தார்; அழகான தையல். ஒவ்வொருத்தியும் கொண்டுவர வேண்டிய பத்துப் பொருள்களை நான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். இறம்பொடையில் பேருந்தைவிட்டு இறங்கியதும், பத்து அடி ஏறுவதற்குள் கமலா உட்கார்ந்துவிட்டாள். பையைத் திறந்து பார்த்தேன். என் பத்துப் பொருள்களும் இருந்தன. அவற்றோடு ஒரு முகக்கண்ணாடி, ஒரு வெண்கலச் செம்பு, இரண்டு போத்தல் ஊறுகாய், உறையிட்ட தலையணை ஒன்று.

சிவகாமியின் முதுகில் கொழுந்துக் கூடை தொங்கியது. அதன் கயிற்றைத் தலையில் மாட்டியிருந்தார். எல்லோருக்குமான அரிசி, பருப்பு, மாவு, பானை, மழைக்குக் கட்டும் படங்கு யாவும் அதில் இருந்தன. எங்கள் பைகள் எல்லாவற்றைக் காட்டிலும் கனமான அந்தக் கூடையோடு அவர் நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்து நான் சற்று வெட்கப்பட்டேன். கண்ணாடி, செம்பு, ஊறுகாய் மூன்றும் சாலையோரத் தேநீர்க் கடையில் ஒப்படைக்கப்பட்டன. தலையணையை மட்டும் தரமாட்டேன் என்று கமலா அழும் நிலைக்குப் போய்விட்டாள். நான் கண்டிக்க வாயெடுப்பதற்குள் சிவகாமி குறுக்கிட்டார். "விடுங்க டீச்சரம்மா. மலைக்கு எது வேணும் வேணாம்னு ஒரு மைலு போனதும் முதுகே சொல்லிரும், நம்ம சொல்ல வேணாம்."

பிலோமினா டீச்சரின் காலுறைகள்

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அட்டைகள் தொடங்கின. மழை பெய்த மறுநாள் மலைக்காட்டில் நடந்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை; நடவாதவர்களுக்கு விவரித்தால் நம்பமாட்டார்கள். மாணவிகள் முதல் பத்து நிமிடம் கூச்சலிட்டார்கள், அடுத்த பத்து நிமிடம் எண்ணினார்கள், அதன்பின் கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். சிவகாமி வெறுங்காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். அவரை ஒன்றும் அண்டவில்லை.

பிலோமினா டீச்சர் மட்டும் முழங்கால் வரை கம்பளிக் காலுறை அணிந்து, தன்னை ஒன்றும் கடிக்காது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். முதல் ஓய்வில் காலுறையைச் சுருட்டி இறக்கினார். உள்ளே இருந்தவற்றை மாணவிகள் உரத்த குரலில் எண்ணி இருபத்தொன்றில் நிறுத்தினார்கள். அவர் முகம் மாறவில்லை. உப்புப் பொட்டலத்தைப் பிரித்தபடியே என்னிடம் சொன்னார்: "பாருங்க டீச்சர், எவ்வளவு நெருக்கமான பின்னல்! உள்ள போன ஒண்ணாலயும் வெளிய வர முடியல."

படத்தில் இருந்த பாதை

என்னிடம் நில அளவைப் படம் ஒன்று இருந்தது. அதில் சமவுயரக் கோடுகளை வெட்டிக்கொண்டு ஒரு புள்ளிக்கோடு மலையைக் கடந்து மறுபுறம் இறங்கியது. அதுவே எங்கள் பாதை. பகல் ஒரு மணியளவில், பெருமரங்களுக்கு நடுவே, அந்தப் பாதை நின்றுவிட்டது. மறையவில்லை, பிரியவில்லை, நின்றுவிட்டது. முன்னால் ஆள் உயரத்துக்குச் சிறுமூங்கில் அடைத்து நின்றது. நான் படத்தை விரித்து, திசைகாட்டியை வைத்து, பாதை இங்கே இருந்தாக வேண்டும் என்று மாணவிகளுக்கு நிறுவிக் காட்டினேன்.

சிவகாமி நான் முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். பேருந்து ஓடத் தொடங்கியபின் இவ்வழியாக ஒருவரும் வருவதில்லை என்பதும், தானே பதினைந்து ஆண்டுகளாக வரவில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் குனிந்து மரைமான்கள் நடந்து நடந்து ஏற்படுத்திய ஒரு தடத்தைக் கண்டுபிடித்தார். மாலை நான்கு மணி வரை அதில்தான் ஏறினோம். சில இடங்களில் கைகளையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. ஏழு மாணவிகளில் ஒருத்திகூடத் திரும்பிவிடலாம் என்று சொல்லவில்லை. இதை நான் பின்னால் தலைமை ஆசிரியைக்கு எழுதிய அறிக்கையில் அடிக்கோடிட்டேன். படத்தை மடித்துப் பையில் வைக்கும்போது சிவகாமி ஆறுதலாகச் சொன்னார்: "தாள்ல இருக்கற பாதைல மழ பேயாதுங்க டீச்சரம்மா. அதான் இன்னமும் நல்லா இருக்கு."

தண்ணீர் கொதித்த வெப்பநிலை

உச்சியில் ஒரு சிறு புல்வெளி இருந்தது. மூன்று புறமும் காடு; நான்காம் புறம் நிலம் முடிந்து வானம் தொடங்கியது. கீழே நாங்கள் புறப்பட்ட பள்ளத்தாக்கில் தேயிலைத் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள் மட்டும் மின்னின. படங்கைக் கட்டினோம். ஈர விறகில் எவ்வாறு நெருப்பு மூட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் சிவகாமி மூட்டிவிட்டார். பட்டுப்போய் நின்ற கிளைகளைத்தான் ஒடிக்க வேண்டுமாம், தரையில் கிடப்பதைத் தொடக்கூடாதாம்.

இனி என் முறை. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதை மாணவிகள் படித்திருந்தார்கள். ஆய்வுகூடத்திலிருந்து கையொப்பமிட்டு வாங்கி வந்த வெப்பமானியைப் பானையில் பிடித்தேன். பாரன்ஹீட்டில் இருநூறு பாகைக்குச் சற்று மேலே பாதரசம் நின்றது. ஏழு தலைகளும் நெருப்பொளியில் குனிந்து கணக்குப் போட்டன. படத்தில் இருந்த உயரத்துக்கு மிக நெருங்கி வந்தது கமலாவின் விடை. அவள் எழுந்து நின்று அதை இருமுறை உரக்க வாசித்தாள், நான் தடுக்கவில்லை. புத்தகத்தில் இருந்த ஓர் எண்ணைத் தாங்களே கண்டுபிடித்த ஏழு முகங்களைப் பார்ப்பதற்காக எவ்வளவு தூரமும் நடக்கலாம். பாகையைச் சரிபார்க்க மறுபடியும் கொதிக்க வைக்கும்படி நான் கேட்டபோது சிவகாமி பானையை என்னிடமிருந்து மெல்ல நகர்த்தினார். "மல எங்கயும் போயிராதுங்க, நாளைக்கும் அதே ஒசரந்தான் இருக்கும். இப்ப தேயிலயப் போடட்டுங்களா?"

தலையணை

இரவுக் குளிர் இன்னதென்று சொல்வதற்கில்லை. பத்துப் பேரும் ஒரு படங்கின் கீழ், ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டிப் படுத்தோம். பைகளைத் தலைக்கு வைத்தால் உள்ளேயிருந்த தகரக் குவளைகள் உறுத்தின. அதுவரை தலையணையைச் சொல்லிச் சொல்லிக் கமலாவைக் கேலி செய்த மூவர் அதன் ஓரங்களில் தலை வைத்தார்கள். நான்காவதாக ஒரு தலை வந்தது. அது பிலோமினா டீச்சருடையது. இருட்டில் கமலாவின் குரல் கேட்டது: "மலைக்கு யாராச்சும் தலகாணி கொண்டாருவாளான்னு கேட்டவங்க எல்லாம் கொஞ்சம் தள்ளிப் படுங்க, எனக்கே எடம் இல்ல!"

ஆறு இறங்கிய விதம்

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை கண் விழித்தபோது மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. பழைய பாதை மலையின் மறுபுறம் இறங்கத் தொடங்கும் இடத்தில், முன்னோர்கள் மூன்று கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதாகச் சிவகாமி சொன்னார். அதைக் கண்டால் போதும், அங்கிருந்து தடம் தப்பாது. பனி கலையும் வரை உட்கார்ந்திருப்போம் என்றார். நான் மறுத்தேன். மறுநாள் காலைப் பெரட்டு என் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் அவரைத் தோட்டத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், நானே அவருக்கு எதிராக முடிவெடுத்தேன்.

அருகில் ஓர் ஓடை சலசலத்தது. ஓடை ஆற்றில் சேரும், ஆறு பள்ளத்தாக்குக்குப் போகும், பள்ளத்தாக்கில் தோட்டம் இருக்கும். எத்தனை வகுப்புகளுக்கு இதைக் கற்பித்திருக்கிறேன்! ஓடையைப் பிடித்து இறங்குங்கள் என்று கட்டளையிட்டேன். ஒன்றரை மணி நேரம் பாறை பாறையாக இறங்கினோம். பிறகு முன்னால் சென்ற சிவகாமி இரு கைகளையும் அகல விரித்து எங்களை நிறுத்தினார். அவர் பாதத்துக்கு ஓர் அடி முன்னால் ஓடை வெறும் வெளியில் பாய்ந்தது. விழும் ஓசை எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. சுற்றிச் செல்ல வழியில்லை. வந்த வழியே ஏறித் திரும்புவதற்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் மூச்சிரைத்துக்கொண்டு வந்த பிலோமினா டீச்சர் என்னைத் தேற்ற முயன்றார்: "நீங்க சொன்னது சரிதான் டீச்சர், ஆறு கீழதான் போகுது. அதுக்குக் காலு இல்லாததால அதுக்கு வசதி."

அரைப் பேர்

உச்சிக்குத் திரும்பியபோது பகல் பன்னிரண்டு. பனி அப்படியே இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிவகாமியின் முகத்தைப் பார்த்தேன். "இனி நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். அவர் கூடையை இறக்கி வைத்தார். கொழுந்து மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை உண்டு. இரு வரிசைத் தேயிலைக்கு நடுவேயுள்ள அந்த இடைவெளியில்தான் அவள் தொடக்கம் முதல் முடிவு வரை நடக்க வேண்டும். அடுத்தவள் நிரையில் கால் வைக்கக் கூடாது, தன் நிரையில் ஒரு செடியையும் விடக் கூடாது. அதே ஒழுங்கில் எங்கள் பத்துப் பேரையும் காட்டின் விளிம்பில் கை எட்டும் இடைவெளியில் நிறுத்தினார். "பனிக்குள்ள ஆளு தெரியாது. வரிசையாப் பேரச் சொல்லிக்கிட்டே நடங்க. பொதரு வந்தா வெலக்கிப் பாருங்க. யாரும் நிர மாறப்படாது" என்றார். இராஜேஸ்வரி முதல் நிரை, சிவகாமி கடைசி. நடுவில் நான்.

பனிக்குள் எங்கள் பெயர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்பின. பார்வை இல்லாத இடத்தில் அந்த ஒலிதான் எங்களைக் கட்டி வைத்திருந்தது. அரை மைல் நடந்து ஒரு பாறைச் சரிவை அடைந்தோம். மூன்று கல் எங்கும் தென்படவில்லை. சிவகாமி ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்டார்: "ஒன் நிர சுத்தமா?" ஆறு பேர் சுத்தம் என்றார்கள். என்னிடம் வந்தார். வழியில் ஒரு முட்புதர் குறுக்கிட்டதையும், நான் கமலாவின் நிரைக்குள் புகுந்து இருபது அடி நடந்து, பிறகு என் நிரைக்குத் திரும்பியதையும் ஒப்புக்கொண்டேன்.

மாணவிகள் முன்னிலையில் ஓர் ஆசிரியை தன் பிழையைத் திருத்த அனுப்பப்படுவது பள்ளி வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்கும். நான் திரும்பி நடந்தேன்; மற்றவர்கள் தத்தம் நிரையிலேயே என்னோடு திரும்பினார்கள். கைத்தடியால் முட்புதரை விலக்கினேன். பாசி படர்ந்த மூன்று கற்கள், ஒன்றன்மேல் ஒன்று. அவற்றின் காலடியில் பாதை. மாணவிகள் கூவிய கூவலில் காடே அதிர்ந்தது. சிவகாமி கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "எங்க மலையில நிரைய இப்படி விட்டுட்டு வந்தா அன்னைக்கு அரப் பேருதாங்க போடுவாங்க, டீச்சரம்மா. பாதிச் சம்பளம்."

எட்டு மணிக் கார்

இழந்த நேரம் திரும்பி வராது. பாதையின் கீழ்ப்பகுதியை ஒரு மண்சரிவு கொண்டுபோயிருந்தது. இடப்புறம் ஒதுங்கி ஒதுங்கி இறங்கி, இருட்டும் வேளையில் தேயிலைக்குள் வந்து விழுந்தோம். ஆனால் அது வேறு பள்ளத்தாக்கு, வேறு தோட்டம். சிவகாமியின் தோட்டம் அங்கிருந்து வண்டிப்பாதையில் ஏழு மைல். லயத்துப் பெண்கள் எங்களைக் கண்டு முதலில் பயந்தார்கள். அதன்பின் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் வந்துகொண்டே இருந்தன. தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா, தொழிற்சாலையிலிருந்து பள்ளிக்கும் கமலாவின் தந்தையின் கடைக்கும் தொலைபேசியில் சொன்னார். காலை எட்டு மணிக்குக் கார்கள் வரும், அதுவரை பிள்ளைக் காம்பிராவில் படுத்திருங்கள் என்றார். பகலில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. மாணவிகள் தொட்டில்களுக்குக் கீழே சாய்ந்த உடனே உறங்கிவிட்டார்கள்.

மூன்றரை மணிக்குக் கயிறு உரசும் ஓசை கேட்டது. சிவகாமி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார். "நீங்க தூங்குங்க டீச்சரம்மா. நான் இப்பப் பொறப்பட்டாத்தான் ஆறு மணிப் பெரட்டுக்கு எட்டும்" என்று கிசுகிசுத்தார். அவர் இந்நிலைக்கு வந்தது என் ஓடையால். நான் எழுந்து சப்பாத்தை மாட்டினேன். இராஜேஸ்வரி ஏற்கெனவே வாசலில் நின்றாள். வேறு யாரையும் நான் எழுப்பவில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பைகள் தோளில் ஏறின. பிலோமினா டீச்சர் கிழிந்த சப்பாத்தைத் தையல் நூலால் கட்டிக்கொண்டார். கார்களைச் சிவகாமியின் தோட்டத்துக்கு அனுப்பும்படி லயத்துப் பெண்ணொருத்தியிடம் சொல்லி வைத்தேன். கமலாவின் கால் இரண்டும் கொப்புளம்; நீ மட்டுமாவது காரில் வா என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலையணைக்குப் பின் இரண்டாம் முறையாக அவள் என் சொல்லை மீறினாள்: "எங்கப்பா காரு காலியாவே வரட்டும் டீச்சர். ராஜியோட சித்தி பேரு போகுதா இருக்குதான்னு தெரியாம நான் கார்ல ஒக்காந்துக்கிட்டு வருவேனா?"

பெரட்டு

ஏழு மைலையும் இரண்டேகால் மணி நேரத்தில் நடந்தோம். கடைசித் திருப்பத்துக்கு வரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. பெரட்டுக்கு அடிக்கும் தப்பு முழங்கி ஓய்ந்தது. கீழே, ஒரு தேயிலைச் சரிவுக்கு அப்பால், கம்பளியும் படங்குமாகப் பெண்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது. கங்காணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காலைக் காற்றில் ஒவ்வொரு பெயரும் மேலே எங்கள் வரை தெளிவாக வந்தது. சாலை சுற்றிப் போனால் கால் மணி நேரம் ஆகும்.

"சிவகாமி!" என்றது கீழேயிருந்து குரல்.

"வந்துட்டேங்கோ!" என்று மேலேயிருந்து கூவினார் சிவகாமி. மலைக்கு மலை பேசிப் பழகிய தொண்டை. வரிசை முழுவதும் அண்ணாந்து பார்த்தது. கங்காணி பென்சிலைத் தாளில் ஊன்றியபடியே கத்தினார்: "ஆளு நிக்கணும்னுதான் சொன்னேன், சத்தம் நிக்கச் சொல்லல!" வரிசையிலிருந்த ஒரு வயதான பெண், "எறங்கறா கங்காணி, கண்ணத் தொறந்து பாருங்க! அஞ்சு நிமிசத்துல ஒங்க பென்சிலு முளைச்சா போயிரும்?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை, பென்சிலும் நகரவில்லை.

சிவகாமி சாலையை விட்டுத் தேயிலைச் சரிவில் இறங்கினார். நாங்களும் இறங்கினோம். ஒருத்தி விழுந்தாள், எழுந்தாள். பிலோமினா டீச்சரின் சப்பாத்து ஒன்று எங்கோ தங்கிவிட்டது. சிவகாமி போய்த் தன் இடத்தில் நிமிர்ந்து நின்று, "நிக்கறேங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஏழு மாணவிகளும் இரண்டு ஆசிரியைகளும், யாரும் சொல்லாமலே, ஒரே வரிசையில் நின்றோம். தலை முதல் கால் வரை சேறு; கைகளில் முட்கீறல்; ஒருத்தியின் கையில் உறை கிழிந்த தலையணை. அதைவிட நேரான வரிசையை என் பள்ளியில் ஒரு பரிசளிப்பு விழாவிலும் நான் கண்டதில்லை.

கங்காணி எங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். மூன்று நாளுக்கு முன் தமக்கெதிரே நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்திய டீச்சரம்மா நான்தானா என்று உறுதிசெய்துகொள்வதற்குச் சற்று நேரம் ஆயிற்று. பின் குனிந்து, சிவகாமியின் பெயருக்கு நேரே அழுத்தமாக ஒரு கோடு போட்டார். தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "பத்துப் பேரு நிக்கறீங்க, என்கிட்ட ஒரு பேருதான் இருக்கு. மத்த ஒம்பது பேரும் வேல வேணும்னா நாளைக்கு நேரத்தோட வாங்க."

அன்று பள்ளிக்குப் பிந்தி வந்து சேர்ந்த ஏழு மாணவிகளின் பெயர்களுக்கும் இரண்டு ஆசிரியைகளின் பெயர்களுக்கும் எதிரே தலைமை ஆசிரியை வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையால் 'தாமதம்' என்று எழுதினார். முப்பத்தோர் ஆண்டுப் பணியில் நான் பெற்ற சான்றிதழ்களுள் சட்டமிட்டு மாட்டத் தகுந்ததாக எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான், ஆனால் பதிவேட்டிலிருந்து தாளைக் கிழிப்பது ஒழுங்கன்று.